தெமுஜினை உருவாக்கியது குதிரையா, பங்காளிகளா?

கேள்வி | 14 மே 2022, காலை 10.12

செங்கிஸ் கானைப் பெரிய ராஜதந்திரி என்று எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏகப்பட்ட குதிரை, கணக்கில்லாத ஆட்கள், இரக்கமே இல்லாத மனசு. இந்த மூன்றும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். அந்த ஆளுடைய சொந்தத் திறமை என்று எதைச் சொல்வீர்கள்?

14 மே 2022, மதியம் 1.40

குதிரை சரி. இரக்கமின்மையும் சரி. 'கணக்கில்லாத ஆட்கள்' என்பது தப்பு. 1206இல் ஓனோன் ஆற்றின் தலைப்பகுதியில் குரூல்தாய், அதாவது தலைவர்களின் பேரவை, கூடித் தெமுஜினுக்குச் செங்கிஸ் கான் என்ற பட்டம் கொடுத்தபோது அவனிடம் இருந்தவை 95 ஆயிரவர் அணிகள். ஏட்டுக் கணக்கிலேயே ஒரு லட்சம் தேறவில்லை. தெற்கே, வடசீனத்தை ஆண்ட ஜின் பேரரசில் அப்போது சுமார் 5 கோடி மக்கள். ஆள்பலத்தை மட்டும் பார்த்தால் அந்தச் சண்டை தொடங்கியிருக்கவே கூடாது.

குதிரை அவனிடம் மட்டுமா இருந்தது? தாத்தார், மெர்கித், கெரெயித், நைமன் என்று புல்வெளியில் இருந்த எல்லாரிடமும் அதே குதிரை, அதே வில். அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவர் மந்தையை ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார்களே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இவன் காலத்தில் என்ன மாறியது என்பதுதான் கேள்வி.

என் பதில்: அவன் பங்காளிகளை நம்பாத படையைக் கட்டினான். அதற்குக் காரணம், 13 வயதில் பங்காளிகள் அவனை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனது.

14 மே 2022, இரவு 9.55

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அப்பா எசுகெய், பையனுக்குப் பெண் பேசி முடித்து, வழக்கப்படி மாமனார் டெய் செச்சென் வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் தாத்தார்களின் விருந்தில் உட்கார்ந்தார். பழைய பகை. உணவில் விஷம். வீடு வந்து சேர்ந்து இறந்துபோனார்.

அடுத்த இடப்பெயர்வில் தாய்ச்சியூத் பங்காளிகள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஹோலுன் என்ற விதவை, சின்னஞ்சிறு பிள்ளைகள், இன்னொரு மனைவி, அவள் பிள்ளைகள். இவர்களை மட்டும் விட்டுவிட்டு. தடுக்கப் போன கிழவர் ஒருவரை முதுகில் ஈட்டியால் குத்தினார்கள். ஹோலுன் கணவனுடைய கொடியைப் பிடித்துக்கொண்டு குதிரையேறித் துரத்திப் போய்ப் பாதிப் பேரைத் திருப்பினாள். அவர்களும் நிற்கவில்லை.

அப்புறம் அவள் ஓனோன் கரையில் மேலும் கீழும் ஓடிக் காட்டுப்பழம் பொறுக்கி, குச்சியால் கிழங்கு தோண்டிப் பிள்ளைகளை வளர்த்தாள். பிள்ளைகள் ஊசியை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்தார்கள். மந்தை வைத்திருப்பவன் மீன் தின்கிறான் என்றால் அந்த நாட்டில் அது வறுமையின் அடிமட்டம்.

15 மே 2022

திருத்தம். 13 வயது என்று எழுதிவிட்டேன். ரகசிய வரலாறு சொல்வது 9. பெண் பார்க்கப் போனதே அந்த வயதில்தான். இன்னும் சின்னப் பிள்ளை.

ரகசிய வரலாறு என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே மங்கோலிய மொழியில் எழுதிவைத்த நூல். எழுதியவர் பெயர் தெரியாது. மங்கோலிய ஒலியைச் சீன எழுத்தில் பெயர்த்து எழுதிய படியின் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது. அரச குடும்பத்துக்காக எழுதியது, அதனால் புகழ்ச்சி இருக்கும். ஆனால் அந்தக் குடும்பமே வெட்கப்படவேண்டிய விஷயத்தையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. நான் அதை நம்புவது அதனால்தான்.

உதாரணம் பெக்தெர். மாற்றாந்தாய் மகன். தம்பிகள் பிடித்த மீனையும் குருவியையும் பிடுங்கிக்கொண்டான் என்று தெமுஜினும் தம்பி காசரும் முன்னும் பின்னுமாக நின்று அம்பு விட்டுக் கொன்றார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த உடனே ஹோலுனுக்குப் புரிந்துவிட்டது. நிழலைத் தவிர உங்களுக்குத் துணை இல்லாத நேரத்தில் இதைச் செய்தீர்களே என்று அவள் திட்டும் இடம் அந்த நூலின் மிக நீளமான திட்டுகளில் ஒன்று. வெறிநாய், ஓநாய், தன் நிழல்மேல் பாயும் பருந்து என்று ஒரு மிருகம் பாக்கி இல்லை. உலகத்தையே நடுங்க வைத்தவனை அம்மா நிற்கவைத்துத் திட்டியதை அவன் பேரரசின் நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

15 மே 2022, மாலை

இல்லை, செங்கிஸ் கான் முஸ்லிம் இல்லை. கான் என்பது புல்வெளித் தலைவர்களின் பட்டம், மதத்தோடு சம்பந்தமில்லை. அவன் வணங்கியது தெங்ரியை, அதாவது வானத்தை. கூடவே புர்கான் கல்துன் மலையை. மொகலாயர் என்ற சொல்லும் மங்கோலியரிலிருந்து வந்ததுதான். பாபர் தாய்வழியில் செங்கிஸ் வம்சம்.

18 மே 2022

சரி, பங்காளிகளை நம்பாத படை என்றால் என்ன?

அவனைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். பொஓர்ச்சு: குதிரை திருடு போனபோது வழியில் பார்த்த பையன். பால் கறந்துகொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் கூட வந்தான். ஜெல்மே: கொல்லன் மகன். துருத்தியை முதுகில் சுமந்து வந்த கிழவர், சேணம் போடவும் கதவு திறக்கவும் வைத்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போன பையன். முகலி: வாசலில் அடிமையாகக் கிட என்று கொடுக்கப்பட்டவன். பின்னாளில் வடசீனப் போர்முனை முழுவதும் அவன் பொறுப்பு. ஜெபெ: எதிரிப் படையிலிருந்து தெமுஜினின் கழுத்தில் அம்பு பாய்ச்சியவன். நான்தான் விட்டேன் என்று ஒத்துக்கொண்டதற்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டான். ஜெபெ என்றால் ஆயுதம், அம்புமுனை. அந்தப் பெயரே அப்போது வைத்ததுதான்.

1202இல் தாத்தார்களோடு போர். புறப்படும் முன் கட்டளை: எதிரி முழுசாகத் தோற்கும்வரை யாரும் கொள்ளையில் கை வைக்கக்கூடாது, எல்லாவற்றையும் பிறகு பங்கிடுவோம். மீறியவர்கள் யார்? அல்தான், குச்சர், சித்தப்பா தாரிதாய். மூவரும் நெருங்கிய உறவு. அவர்கள் ஓட்டிக்கொண்டு போன மந்தையை ஆளனுப்பித் திரும்பப் பறித்தான். ஒரு சித்தப்பாவிடம் போய் ஆட்டைப் பிடுங்கி வருவது நம் ஊரிலேயே சாதாரண விஷயம் இல்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு எதிரியோடு போய்ச் சேர்ந்தார்கள். அவன் கட்டளையை மாற்றவில்லை.

போரில் செத்தவனின் பிள்ளைக்கும் பங்கு உண்டு. பால்ய நண்பனாக இருந்து எதிரியாகிவிட்ட ஜமுகாவோடு நடந்த சண்டையில் செத்த ஒருவனின் மகன் வந்து கேட்க, சிதறிக் கிடந்த தன் குலத்தாரைத் திரட்டி வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்கிப் போனான். அப்பா செத்ததும் பட்டினி கிடந்த பையன் செய்த ஏற்பாடு இது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

18 மே 2022, நள்ளிரவு

என் அப்பா இறந்தபோது எனக்கு 11 வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு எல்லாம் நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். கிணற்றில் எங்கள் முறை வரும் நாளில் மோட்டார் ரிப்பேர் ஆகிவிடும். அம்மா ஒருநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே போய் மடை திறந்தாள். ஹோலுன் கொடியோடு துரத்திய பக்கத்தை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த விஷயத்தில் என் பார்வை ஒருபக்கமாகச் சாயலாம். தெரிந்துகொண்டு படியுங்கள்.

21 மே 2022

ஜெபெ பற்றி ஒரு அக்கா திருத்தியது சரி. அவன் விட்ட அம்பு பாய்ந்தது தெமுஜினின் குதிரை கழுத்தில். தெமுஜினின் கழுத்திலும் அதே போரில் காயம், ஆனால் யார் அம்பு என்று நூல் சொல்லவில்லை. இரவு முழுக்க அந்தக் காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சித் துப்பியது ஜெல்மே. நடுராத்திரியில் தாகம் என்றதும் துணியைக் களைந்துவிட்டு எதிரி முகாமுக்குள் போய்த் தயிர்க் குடத்தைத் தூக்கிவந்தவனும் அவனே. பிடிபட்டால், தப்பித்து ஓடிவந்தேன், துணியை அவர்கள் உருவிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ள ஏற்பாடு. கொல்லன் மகனின் மூளை.

22 மே 2022

இன்னொருவர்: "எல்லாம் சரி, ஒத்ரார் கவர்னர்தானே ஆரம்பித்தான்? வியாபாரிகளைக் கொன்றால் யார் சும்மா இருப்பார்கள்?"

ஆமாம், 1218இல் மத்திய ஆசியாவின் குவாரசம் நாட்டைச் சேர்ந்த ஒத்ராரில் அதன் கவர்னர் இனால்சுக், செங்கிஸ் கான் அனுப்பிய 450 பேர் கொண்ட வணிகக் கூட்டத்தை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றான். நியாயம் கேட்டு வந்த தூதர்களில் ஒருவரைக் குவாரசம் சுல்தான் முகம்மது கொல்லவும் செய்தார். தூதரைக் கொல்வது மங்கோலியருக்கு மன்னிக்க முடியாத குற்றம். அதுவரை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 1220 புகாரா, சமர்கந்து. 1221 ஊர்கெஞ்ச், மெர்வ், நிஷாபூர். நிஷாபூரில் மருமகன் தோகுசார் அம்பு பட்டுச் செத்ததற்காக ஊரையே அழித்தார்கள். பாமியானில் பேரன் முதுகன் செத்ததற்காக அந்தப் பள்ளத்தாக்கில் உயிருள்ள எதையும் விடவில்லை. மெர்வில் 13 லட்சம் பிணங்கள் எண்ணினார்கள் என்று ஒரு தலைமுறை கழித்துப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். அத்தனை பேர் அந்த ஊரில் அடங்கியிருக்க முடியாது. எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாக வெட்டினாலும், கைவினைஞர்களைத் தனியாகப் பிரித்து நிறுத்திவிட்டு மீதிப் பேரைப் படைவீரர்களுக்குத் தலைக்கு இத்தனை என்று பங்கு போட்டார்கள் என்பது மாறாது. நான் மேலே புகழ்ந்தேனே, சமமாகப் பங்கிடுவது, அதே முறை. இதை எழுதும்போது கை கூசுகிறது.

22 மே 2022, இரவு

இன்னும் ஒன்று விட்டுப்போனது. தாத்தார்களைத் தோற்கடித்த பிறகு நடந்தது. வண்டிச் சக்கரத்தின் கடையாணி உயரத்துக்கு மேல் இருக்கும் ஆண்கள் எல்லாரையும் கொன்றுவிட முடிவு செய்தார்கள். கூடாரத்துக்குள் பேசிய இந்த ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டவன் பெல்குதெய், கொல்லப்பட்ட பெக்தெரின் கூடப்பிறந்த தம்பி. தாத்தார்கள் ஆளுக்கொரு கத்தியைச் சட்டைக் கையில் மறைத்துவைத்துப் போராடிச் செத்தார்கள். உயரம் குறைந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். 

மாட்டுவண்டிக் கடையாணி என் இடுப்புக்கும் கீழே இருக்கும். போய் அளந்து பார்த்தேன்.

29 மே 2022

மரத்தின் வளையங்களை வைத்துப் பழைய காலத்து மழையைக் கணக்கிட்டது பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், 2014இல் வந்த ஆய்வு அது. மத்திய மங்கோலியாவின் பழைய மரங்களை எடுத்துப் பார்த்ததில் 1211 முதல் 1225 வரை அந்தப் பகுதியில் வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை, மிதமான வெப்பம். மழை என்றால் புல். புல் என்றால் குதிரை. வீரனுக்கு ஒரு குதிரை போதாது. மூன்று, நான்கு, ஐந்து என்று மாற்றுக் குதிரை ஓட்டிப் போவார்கள்.

அப்படியானால் கேள்வி கேட்டவர் சொன்ன குதிரைதான் ஜெயித்ததா? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மழை பெய்தது 1211க்குப் பிறகு. அவன் புல்வெளியை ஒன்றாக்கி முடித்தது 1206இல். வெளியே பாய்ந்ததற்குப் புல் உதவியிருக்கும். உள்ளே எழுந்ததற்கு வேறு காரணம் வேண்டும். என் பதிலைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன், கைவிடவில்லை.

4 ஜூன் 2022

கொஞ்சம் வழி மாறுகிறேன். 2018இல் வேலைக்காக உலான்பாத்தரில் நான்கு மாதம் இருந்தேன். ஒரு சனி, ஞாயிறு கென்தி பக்கம் ஒரு மேய்ப்பர் குடும்பத்தோடு தங்கினேன். கெர் கூடாரத்தின் வாசல் தெற்குப் பார்த்தது. நுழையும்போது வாசற்படியை மிதிக்கக்கூடாது. நம் வீட்டிலும் பாட்டி அதைத்தான் சொல்வாள், அதனால் எனக்குப் பழகவேண்டியிருக்கவில்லை. உள்ளே வந்ததும் உப்புப் போட்ட பால் டீ. கதவுக்குப் பக்கத்தில் ஒரு தோல்பை தொங்கும், அதில் குதிரைப்பால் புளித்துக்கொண்டிருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாரும் மத்தைப் பிடித்து நாலு தடவை கடைந்துவிட்டுப் போவார்கள். நானும் கடைந்தேன். அந்த வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் என்று சைகை காட்டினார். பத்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிட்டது, அவருக்கு அது அன்றாட வேலை.

வெளியே ஆட்டு ரோமம் கத்தரித்துக் குவித்திருந்தார்கள். முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே அடுப்பு மாதிரி சூடு.

5 ஜூன் 2022

தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டவருக்கு மகிழ்ச்சியோடு ஒரு பதில். சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே திருக்கதலீச்சுரம் என்று சிவனுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. யார் அனுமதியோடு? 'செகசைகான் பர்மான்'படி. செகசைகான் என்றால் செச்சென் கான், குப்லாய் கானின் பட்டம். ஹோலுனின் கொள்ளுப்பேரன். ஓனோன் கரையில் கிழங்கு தோண்டியவளின் வம்சத்தான் நலமாக இருக்கவேண்டும் என்று ஒரு தமிழர் சிவனைப் பிரதிஷ்டை செய்திருக்கிறார். முதலில் படித்த அன்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

11 ஜூன் 2022

இரண்டு வாரமாக ஒன்று உறுத்துகிறது. பங்காளிகளை நம்பாதவன் என்றேன். கடைசியில் என்ன செய்தான்? கட்டிய எல்லாவற்றையும் நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தான். குவாரசம் படையெடுப்புக்கு முன் வாரிசு யார் என்று பேச்சு வந்ததும் இரண்டாமவன் சகதாய், மூத்தவன் ஜோச்சியை அப்பா முன்னாலேயே மெர்கித்தின் விதை என்று சொல்ல, இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் ஓகொதெய்க்குக் கொடுத்துச் சமாதானம் செய்தான். 1227இல் வடமேற்குச் சீனத்தில் இருந்த தங்குத் நாட்டைத் தாக்கிக்கொண்டிருக்கும்போதே இறந்தான். ஐம்பது வருடத்துக்குள் பேரன்மார் ஒருவரோடு ஒருவர் போர் செய்தார்கள். அதாவது பங்காளிச் சண்டை.

கொல்லன் மகனுக்கும் அடிமைக்கும் படையைக் கொடுக்க முடிந்தது. நாட்டைக் கொடுக்கத் தோன்றவில்லை. என் முதல் பதிலில் இதைச் சேர்த்துப் படிக்கவும்.

19 ஜூன் 2022

ஜோச்சி பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். ரகசிய வரலாற்றை மறுபடி எடுத்தேன். இதுவரை நான் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது.

தெமுஜின் சிறுவனாகத் தாய்ச்சியூத்களிடம் பிடிபட்டுக் கழுத்தில் மரப்பலகையோடு தப்பித்தபோது, சோர்கான் சிரா என்பவரின் வீட்டார் அவனை ஆட்டு ரோமம் ஏற்றிய வண்டிக்குள் மறைத்தார்கள். தேடி வந்தவர்கள் ரோமத்தை இழுத்து இழுத்து, கால் தெரியும் நிலைக்கு வந்துவிட்டார்கள். இந்த வெயிலில் ரோமத்துக்குள் எவன் இருப்பான் என்று சோர்கான் சிரா சொன்னார். விட்டுவிட்டுப் போனார்கள். கென்தியில் நான் கைவிட்ட குவியலை நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்வியை யாரும் நம்புவார்கள்.

சில வருடம் கழித்து, கல்யாணமான புதிதில், மெர்கித்கள் விடியற்காலையில் பாய்ந்தார்கள். ஹோலுனை எசுகெய் ஒரு மெர்கித்திடமிருந்து தூக்கிவந்ததற்குப் பழி. வீட்டில் ஒன்பது குதிரை. தெமுஜினுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தம்பிகளுக்கு, பொஓர்ச்சுவுக்கு, ஜெல்மேக்கு என்று எட்டு. தங்கை அம்மா மடியில். ஒன்பதாவதை மாற்றுக் குதிரையாக ஓட்டிக்கொண்டு போனார்கள். மனைவி போர்த்தேவுக்கு, ஜோச்சியின் அம்மாவுக்கு, குதிரை இல்லை என்று நூல் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது.

கோஅக்சின் என்ற கிழவி போர்த்தேயைக் கூண்டு வண்டிக்குள் வைத்து மாட்டைப் பூட்டி ஓட்டினாள். அச்சு முறிந்தது. வண்டிக்குள் என்ன என்று கேட்டார்கள். ஆட்டு ரோமம் என்றாள் கிழவி.

இறங்கிப் போய்ப் பாருங்கடா என்று பெரியவன் தம்பிகளையும் பிள்ளைகளையும் அனுப்பினான். அவர்கள் கதவைத் திறந்தார்கள்.